பழைய கணினி, புதிய வன்தட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2012 ஆம் ஆண்டு வாங்கிய மேசைக்கணினி ஒன்று எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. விண்டோஸ் 11 ஐ இது ஏற்காது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். குடும்பப் படங்களும் காணி உறுதிகளின் ஸ்கேன் பிரதிகளும் நான்கு தொலைபேசிகளிலும் சில பென் டிரைவ்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அந்தக் கணினியை வீட்டார் எல்லாரும் பாவிக்கக்கூடிய கோப்புச் சேவையகமாக மாற்றலாம் என்று மகன் சொல்கிறான். அது நடக்கக்கூடிய காரியமா? எதற்குச் செலவழிக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: நடக்கக்கூடிய காரியம்தான், ஐயா. கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பதும் கொடுத்த கோப்பை வாங்கி வைப்பதும் ஒரு கணினிக்கு மிக இலேசான வேலைகள். 4 ஜிகாபைட் நினைவகம் உள்ள 2012 ஆம் ஆண்டுக் கணினி ஒரு குடும்பத்தின் தேவைக்குத் தாராளமாகப் போதும். விண்டோஸ் 11 அதனை ஏற்காததற்குக் காரணம், அந்த மென்பொருள் கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் (புரொசசரும்) அதில் இல்லாததே தவிர, கணினி ஓய்ந்துபோனது அல்ல. ஆனாலும் விண்டோஸ் 10 ஐ அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கோப்புறையை மட்டும் பகிர்ந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. இரவும் பகலும் வலையமைப்பில் இணைந்திருக்கும் ஒரு பெட்டியில் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பணிசெயல் முறைமையை வைத்திருப்பது நல்லதல்ல.

நான் பரிந்துரைப்பது ஓப்பன்மீடியாவோல்ட் என்ற இலவச மென்பொருள். டெபியன் லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் மேல் இயங்கும் இதனை ஒருமுறை நிறுவிவிட்டால், அதன் பிறகு திரையும் விசைப்பலகையும் தேவையில்லை. வீட்டிலுள்ள வேறொரு கணினியின் உலாவியில் சேவையகத்தின் முகவரியைத் தட்டி, பயனர்களைச் சேர்ப்பது முதல் பகிரும் கோப்புறைகளை அமைப்பது வரை எல்லாவற்றையும் அங்கிருந்தே செய்யலாம். கோப்புகளைப் பகிரும் வேலையை உள்ளே செய்வது சாம்பா என்ற மென்பொருள். அவுஸ்திரேலியாவின் அன்ட்ரூ டிரிட்ஜெல் 1992 இல் தொடக்கிவைத்த இது, விண்டோஸ் கணினிகள் தமக்குள் பேசும் அதே மொழியைப் பேசுவதால், உங்கள் சேவையகம் மற்றக் கணினிகளில் இன்னொரு கோப்புறையாகவே தெரியும். ஐபோன் வைத்திருப்போர் ஐஓஎஸ் 13 முதல் அதிலுள்ள ஃபைல்ஸ் ஆப்பிலிருந்தே இதில் நுழையலாம். அன்ட்ரொய்ட் தொலைபேசிகளுக்கு ஓர் ஆப்பை நிறுவ வேண்டியிருக்கும். ட்ரூநாஸ் என்ற இன்னொரு சேவையக மென்பொருளின் பெயரையும் உங்கள் மகன் சொல்லக்கூடும். அது தரமானதுதான், ஆனால் குறைந்தது 8 ஜிகாபைட் நினைவகம் கேட்கும். உங்கள் வீட்டுக்கு அவசியமில்லை. இதைவிடப் பழைய கணினி வைத்திருப்பவர்கள் செயலி 64 பிட் வகையா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 உடன் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் கைவிடப்பட்டுவிட்டது.

செலவு என்று வந்தால், கணினி பழையதாக இருக்கலாம். வன்தட்டு பழையதாக இருக்கக் கூடாது. பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் சுழன்ற தட்டில் குடும்பத்தின் ஒரே படத்தொகுப்பை ஏற்றுவதைவிடப் படங்கள் பென் டிரைவ்களில் சிதறிக் கிடப்பதே மேல். பழைய தட்டின் உடல்நிலையை அறிய விரும்பினால் அது தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்து, மறு ஒதுக்கீடு செய்யப்பட்ட பிரிவுகள், நிலுவையிலுள்ள பிரிவுகள் ஆகிய இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். இரண்டும் பூச்சியமாக இருந்தால் பணிசெயல் முறைமையை நிறுவ அதனைப் பயன்படுத்தலாம். இரண்டாவது வரியில் ஓர் எண் ஏறிக்கொண்டே போனால் அந்தத் தட்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். நிறுவும்போது அதிலுள்ளவை முற்றாக அழிந்துபோகும் என்பதால், தேவையானவற்றை முன்கூட்டியே வேறிடத்துக்குப் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகளுக்கு ஒரு புதிய தட்டைத் தனியாகப் பூட்டுங்கள். பழைய மதர்போர்ட் 2 டெராபைட்டுக்கு மேல் ஏற்காது என்று கடைக்காரர் சொன்னால், அது பழைய பயோஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருளில்) அந்தத் தட்டிலிருந்தே கணினியைத் தொடக்கும்போது வரும் தடை. கோப்புகளுக்கு மட்டும் வைக்கும் தட்டை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் பிரித்தால் லினக்ஸ் பெரும்பாலும் 4 டெராபைட்டையும் தடையின்றி ஏற்கும்.

சேவையகத்தை வைபையில் விடாமல் கேபிள் மூலம் ரவுட்டரில் இணையுங்கள். ரவுட்டரின் அமைப்புக்குள் சென்று அதற்கென ஒரு வலையமைப்பு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் வீட்டார் அதனைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இனி நம் ஊருக்கே உரிய சில விடயங்கள். கடற்காற்று நேரே வீசும் யன்னலோரத்தில் பெட்டியை வைத்தால் உப்பு ஏறி இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வீட்டுக்குள் எந்த மட்டத்துக்கு வெள்ளம் வந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மட்டத்துக்கு மேலே ஓர் இறாக்கையில் வையுங்கள். பின்புறத்துத் திறந்த துளைகளைத் தகட்டால் மூடிவிட்டால் பல்லி உள்ளே நுழையாது. பல்லி மின்வழங்கிக்குள் புகுந்து எரிந்த கணினிகளை இந்தப் பக்கத்தில் திருத்துநர்கள் அடிக்கடி காண்கிறார்கள். ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால், கணினியை முறையாக நிறுத்திவிட்டு மின்செருகியை மட்டுமன்றி வலையமைப்புக் கேபிளையும் கழற்றுங்கள். பைபர் இணைப்பின் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது என்பது உண்மைதான், ஆனால் ரவுட்டரின் மின்வழங்கியும் செப்புக் கேபிளும் நன்றாகவே கடத்தும்.

கடைசியாக, ஆனால் வாங்கும்போதே மனதில் இருக்க வேண்டியது: எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்த பிறகு, அந்தப் பெட்டி போனால் எல்லாம் ஒன்றாகவே போகும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடியிலும் நாவலடியிலும் வீடுகளோடு படத்தொகுப்புகளும் சான்றிதழ்களும் உறுதிகளும் அள்ளுண்டு போனதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே தட்டு வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்று சேவையகத்துக்குள், மற்றது யூஎஸ்பி உறையில் இட்டு, மாதம் ஒருமுறை பிரதியெடுத்து, வேறு ஊரில் வைப்பதற்கு. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு உள்ளவருக்கு மேற்கே படுவான்கரையில் ஓர் உறவினர் இருந்தால் அதைவிட வசதி வேறில்லை. ஆற்று வெள்ளம் ஏறும் பக்கமென்றால் அலுமாரியின் மேற்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். உறுதிப் பிரதிகள் போன்றவற்றை வைக்கும் தட்டைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுவதும், அந்தக் கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்குத் தெரியப்படுத்துவதும் முறை.

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் ஸ்டூடியோ நடத்துகிறேன். பழைய கணினி ஒன்றைச் சேவையகமாக்கி, இரண்டு தட்டுகளை ரெயிட் 1 முறையில் இணைத்திருந்தோம். கடந்த மாதம் உதவியாளர் ஒரு பூப்புனித நீராட்டு விழாவின் கோப்புறையைத் தவறுதலாக அழித்துவிட்டார். இரண்டு தட்டுகளிலும் இல்லை. இரண்டு தட்டு வைத்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை? தவிர, ஒரு கலியாணப் படங்களை ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கணினி பழையது என்பதாலா?
– ஸ்டூடியோ உரிமையாளர் ஒருவர்

பதில்: ரெயிட் 1 என்பது ஒரு தட்டில் எழுதுவதை அதே கணத்தில் மற்றதிலும் எழுதும் ஏற்பாடு. ஒரு தட்டு பழுதானால் மற்றதை வைத்து வேலையைத் தொடரலாம். அதற்காகவே அது உருவானது. அழி என்ற கட்டளையும் அதற்கு எழுது என்ற கட்டளையைப் போன்றதுதான், இரண்டிலும் ஒரே கணத்தில் நிறைவேற்றிவிடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் வந்தாலும் இதே கதைதான். உங்களிடம் இரண்டு தட்டுகள் இருந்தன, ஆனால் பிரதி என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இருக்கவில்லை.

ஆகவே ரெயிட்டைப் பிரித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. உங்கள் தொழிலில் சேவையகம் அரை நாள் நின்றால் நட்டமில்லை. படம் போனால்தான் நட்டம். இரண்டாவது தட்டைத் தனியாக்கி, ஒவ்வோர் இரவும் ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் மென்பொருள் மூலம் முதல் தட்டின் அன்றைய நிலையை அதில் பிரதியெடுக்குமாறு நேரம் குறித்துவிடுங்கள். முதல் தட்டில் அழிந்ததை இரண்டாவதிலும் அழிக்கும் தெரிவை மட்டும் இயக்கக் கூடாது. அதை இயக்கினால் ஒரே இரவில் பழைய நிலைக்கே வந்துவிடுவீர்கள். ஓப்பன்மீடியாவோல்ட்டில் ஒவ்வொரு பகிர்வுக்கும் மீள்சுழற்சித் தொட்டி என்ற தெரிவு உண்டு. அதனையும் இயக்கி, அழித்தவை முப்பது நாள் அங்கே கிடக்கட்டும் என்று அமையுங்கள். முடிந்துபோன ஆண்டுகளின் கோப்புறைகளில் உதவியாளர்களுக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுத்தால் போதும். ஒப்படைக்காத கலியாணங்களின் மூலப் படங்கள் கடைக்கு வெளியே, உங்கள் வீட்டிலாவது, மூன்றாவது தட்டு ஒன்றில் இருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி நீங்கள் குறிப்பிட்ட ஒன்றரை மணி நேரமே விடையைச் சொல்லிவிடுகிறது. 24 மெகாபிக்சல் கமராவின் மூலப் படம் ஒன்று 25 முதல் 30 மெகாபைட் வரும். இரண்டாயிரம் படங்கள் எடுத்தால் சுமார் 55 ஜிகாபைட். 100 மெகாபிட் இணைப்பில் செக்கனுக்கு ஏறத்தாழ 11 மெகாபைட்தான் போகும் என்பதால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். ஜிகாபிட் இணைப்பில் அதே கோப்புகள் பத்து நிமிடத்துக்குள் போய்விடும். எனவே தட்டோ செயலியோ அல்ல, எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. வலையமைப்புச் சுவிட்சும் இரண்டு கணினிகளின் வலையமைப்பு அட்டைகளும் ஜிகாபிட் வகையா என்று பாருங்கள். எல்லாம் ஜிகாபிட் என்றால் குற்றவாளி பெரும்பாலும் கேபிளின் முனைதான்: 100 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கையால் கிளிப் அடித்த முனையில் ஒரு கம்பி சரியாக ஏறாவிட்டாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் வேகம் மட்டும் இறங்கிவிடும். புதிய கணினிக்கு விலை கேட்பதற்கு முன், கடையில் தயாராக விற்கும் கேபிள் ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: மருதமுனையில் கைத்தறி நெசவு செய்கிறோம். சாரன், சேலை வடிவங்களும் கணக்குகளும் கணினியில் உள்ளன. பழைய மேசைக்கணினியை 24 மணி நேரமும் ஓடவிட்டால் மின்கட்டணம் ஏறிவிடும் என்று பயமாக இருக்கிறது. திரை உடைந்த மடிக்கணினியும் ஒன்று உண்டு. எதைப் பாவிப்பது?
– கைத்தறி உற்பத்தியாளர் ஒருவர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சராசரியாக 60 வாட் இழுக்கும் மேசைக்கணினி நாளொன்றுக்கு 1.44 யூனிட், முப்பது நாளில் 43 யூனிட் எடுக்கும். வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுவதால் இந்த 43 யூனிட் உங்கள் பட்டியலின் உச்சப் படியில்தான் போய் விழும்; மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீடென்றால் அந்த எல்லையையே தாண்டவைத்துவிடும். திரை அணைந்த மடிக்கணினி 15 வாட் அளவில் ஓடும்; அது மாதத்துக்கு 11 யூனிட்டுக்கும் குறைவு. வடிவங்களும் கணக்குகளும் பெரிய கோப்புகள் அல்ல என்பதால் உங்களுக்கு மடிக்கணினியே பொருத்தம். மின்சாரம் போனாலும் அதன் பற்றரி சிறிது நேரம் தாங்கும் என்பது மேலதிக நன்மை.

இரண்டு எச்சரிக்கைகள். மூடியை மூடியதும் தூங்கிவிடும் பழக்கத்தை அமைப்பில் நிறுத்த வேண்டும். அதைவிட முக்கியமாக, ஆண்டுக்கணக்கில் மின்னேற்றத்திலேயே இருக்கும் பழைய பற்றரி வீங்கக்கூடும். அடிப்பகுதி மேசையில் சமமாக நிற்காமல் ஆடினாலோ, தொடுபலகை மேலே எழும்பினாலோ பற்றரியைக் கழற்றிவிட்டு, ஒரு சிறிய யூபிஎஸ் வைத்து ஓட்டுங்கள். சாயமும் நூற்பஞ்சும் பறக்கும் தறிக்கொட்டிலுக்குள் அதனை வைக்கவே வேண்டாம்.

மேசைக்கணினியை விட மனமில்லை என்றால், தனியான கிராபிக்ஸ் அட்டையைக் கழற்றிவிட்டு, வேலை நேரமான எட்டு மணி நேரம் மட்டும் ஓடவிடுங்கள். காலையில் குறித்த நேரத்துக்குத் தானாக எழும்பும் வசதி பெரும்பாலான பயோஸ்களில் உண்டு. மாதக் கணக்கு 14 யூனிட் அளவுக்கு இறங்கிவிடும்.

கேள்வி: வினாத்தாள்களைச் சேவையகத்துக்கு மாற்றும்போது சில கோப்புகள் மட்டும் பெயர் நீளமென்று மறுக்கப்படுகின்றன. அதே பெயர்கள் என் விண்டோஸ் கணினியில் ஒரு தடையுமின்றி இருக்கின்றன. ‘தரம் 11 தமிழ் மொழியும் இலக்கியமும் இரண்டாம் தவணைப் பரீட்சை வினாத்தாள் விடைக்குறிப்புடன் திருத்தியது’ என்பது அவற்றில் ஒன்று.
– ஆசிரியை ஒருவர், திருக்கோவில்

பதில்: தமிழ் போன்ற மொழிகளில் பெயர் வைப்பவர்கள் சந்திக்கும் சிக்கல் இது, ஆங்கில வழிகாட்டிகளில் தேடினால் எளிதில் அகப்படாது. விண்டோஸின் கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 குறியீடுகளை அனுமதிக்கிறது. லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 அனுமதிப்பதோ 255 பைட்டுகளை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். அதிலும் ‘தி’ என்ற ஓர் எழுத்து, த என்றும் இகரக் குறி என்றும் இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால் 6 பைட் எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய பெயர், வேர்ட் கோப்பின் பின்னொட்டோடு சேர்த்து ‘விடைக்குறிப்புடன்’ என்பது வரை 244 பைட். கடைசியிலுள்ள ‘திருத்தியது’ சேர்ந்ததும் 278 ஆகி எல்லையைத் தாண்டிவிடுகிறது.

பெயரில் சொல்ல நினைப்பதைக் கோப்புறைகளுக்குப் பிரித்துக்கொடுங்கள். 2025 என்ற கோப்புறைக்குள் தரம் 11, அதற்குள் தவணை 2 என்று வைத்தால், கோப்புக்குத் ‘தமிழ் வினாத்தாள் திருத்தியது’ என்ற பெயரே போதும். நீண்ட பெயர்கள் நிறைய இருந்தால், மாற்றுவதற்கு முன்பே விண்டோஸில் வைத்துத் திருத்திவிடுங்கள். பிரதியெடுக்கும்போது நடுவில் மறுக்கப்பட்டவற்றைப் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வினாத்தாள்கள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் சேர்த்துவையுங்கள், ஏனெனில் அது இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

கேள்வி: என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டுச் சேவையகத்திலுள்ள பிள்ளைகளின் படங்களை அவர் அங்கிருந்து பார்க்க வேண்டும். ரவுட்டரில் போர்ட் எனும் இணைப்பு வாயில் ஒன்றைத் திறந்துவிடலாம் என்று ஒருவர் சொல்லி, திறந்தும் பார்த்தோம், வேலை செய்யவில்லை.
– வாசகி ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: வேலை செய்யாமல் போனது உங்கள் நல்ல காலம், சகோதரி. சாம்பா பேசும் 445 ஆம் போர்ட்டை இணையத்துக்கு ஒருபோதும் திறக்கக் கூடாது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வொனாக்ரை தீநிரல் அந்த வாயிலால்தான் பரவியது. திறந்த போர்ட்டை இன்றே மூடிவிடுங்கள்.

அது வேலை செய்யாததற்குக் காரணம், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்கு இணைய நிறுவனங்கள் பங்கிட்டுக் கொடுப்பதாக இருக்கலாம். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காணப்படும் வெளி முகவரி 100.64 இலிருந்து 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால் நீங்களும் அவ்வாறு பங்கிடப்பட்டவரே. வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் வீட்டு வாசல் தெரியாது. இதற்கு ஏற்ற வழி டெயில்ஸ்கேல் போன்ற ஒரு தனிப்பட்ட வலையமைப்பு (விபிஎன்). சேவையகத்திலும் கணவரின் தொலைபேசியிலும் அதனை நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், இரண்டும் வயர்கார்ட் என்ற மறைகுறியாக்கப்பட்ட வழியில் தாமாகவே இணைந்துகொள்ளும். போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை, தனிப்பட்ட பாவனைக்கு இலவசத் திட்டமும் உண்டு. படங்கள் இங்கிருந்து மேலேறும் வேகமே அவர் பார்க்கும் வேகமாக இருக்கும் என்பதால், நீண்ட வீடியோக்களை நேரடியாகப் பார்க்க முயலாமல், முதலில் தன் தொலைபேசியில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்தாலும் என் சேவையகம் தானாக எழும்புவதில்லை. நானே அழுத்தி எழுப்பினாலும் வலையமைப்பில் தெரிவதில்லை.
– வாசகர் ஒருவர், ஏறாவூர்

பதில்: ஒரு திரையைத் தற்காலிகமாகப் பூட்டிப் பாருங்கள். விசைப்பலகையைக் காணவில்லை, எப்1 விசையை அழுத்தவும் என்று கணினி உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கக்கூடும். பயோஸுக்குள் சென்று, பிழை கண்டால் நிற்கும் தெரிவை நீக்குங்கள். மின்சாரம் மீண்டதும் இயங்கு என்ற பொருள்படும் தெரிவையும் இயக்குங்கள். அதே திரையில் திகதியும் பல ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டினால், மதர்போர்ட்டிலுள்ள சிஆர்2032 என்ற காசு வடிவப் பற்றரி தீர்ந்துவிட்டது. மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும். முதலில் அதனை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் செய்த மாற்றங்கள் அடுத்த மின்வெட்டோடு மறந்துபோகும்.